ஊளையும் ஓலமும்: வேட்டை அழைப்பொலியின் வரலாறு

மனிதன் விலங்கை வென்ற கருவிகளைப் பட்டியலிடும் வரலாற்று நூல்கள் கல்லையும் வில்லையும் வலையையும் துப்பாக்கியையும் விரிவாகப் பேசுகின்றன. ஆயினும் அவை அனைத்தினும் விலை குறைந்ததும் கையில் எடையே இல்லாததுமான ஒரு கருவியை அவை பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அக்கருவி ஒலி. ஒரு புல்லின் தாள், சுருட்டிய ஓர் இலை, குவித்த இரு கைகள், பழகிய ஒரு தொண்டை ஆகிய இவற்றைக் கொண்டே காட்டு விலங்கைத் தன்னிடம் வரவழைக்கும் கலையை உலகின் பல சமூகங்கள் அறிந்திருந்தன. அதிலும் இரைதேடி உண்ணும் விலங்கான நரியையும் ஓநாயையும் புலியையும் ஒலியால் அழைப்பது மிக நுட்பமான பகுதி. தன்னைவிடக் கூர்மையான செவியுடைய உயிரை ஏமாற்ற வேண்டுமாயின், அவ்வுயிரின் மொழியை அதனளவு அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

தமிழகத்தில் இக்கலையின் வரலாற்றைத் தேடுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளி நகரம் தெற்கே பரவிய காலத்தில் எழுந்த குடியிருப்புகளுள் கே.கே. நகர் ஒன்று. அங்கிருந்து மத்தியப் பேருந்து நிலையத்திற்கோ சத்திரம் பேருந்து நிலையத்திற்கோ திருவரங்கத்திற்கோ செல்பவர், ஊசியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவர் குடும்பங்களைக் காணாமல் திரும்புவது அரிது. நகரின் கிழக்கே, தஞ்சைச் சாலையில் துவாக்குடியை அடுத்துள்ள தேவராயநேரி அவர்களுடைய பெயர்பெற்ற குடியிருப்பு. இம்மக்களின் பெயரிலேயே நரி இருக்கிறது. அந்த நரியை அவர்கள் எவ்வாறு அழைத்தார்கள் என்பதிலிருந்து, அழைத்துக் கொல்வது அறமா என்று நம் முன்னோர் எழுப்பிய வினா வரை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரட்டும் ஒலியும் ஈர்க்கும் ஒலியும்

பழந்தமிழர் விலங்கினங்களுக்காக எழுப்பிய ஒலி இருவகைப்பட்டது. முதலாவது விரட்டும் ஒலி. தினைப்புனம் காத்த குறிஞ்சி நிலப் பெண்கள் கிளிகளை ஓட்டத் தழல், தட்டை, குளிர் எனும் கருவிகளைக் கையாண்டதைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடுகிறது. மூங்கில் முதலிய எளிய பொருள்களால் ஆன இவை வீட்டளவில் செய்துகொள்ளப்பட்ட கருவிகளே. விளைச்சலைக் காப்பதே அவற்றின் நோக்கமாதலால், பறவை பறந்து சென்றவுடன் அவற்றின் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது ஈர்க்கும் வகை. பழக்கிய ஒரு விலங்கைக் காட்டி அதன் இனத்தை வரவழைக்கும் முறையைத் தமிழர் அறிந்திருந்தனர். அவ்வாறு பயன்பட்ட விலங்கிற்குப் ‘பார்வை’ என்றே பெயர். எயினர் குடியிருப்பில் இத்தகைய பார்வை மான் கட்டப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. இம்முறையின் ஒலி வடிவத்தைக் கௌதாரி பிடிப்பதில் காணலாம். கூண்டில் அடைத்த பழக்கிய கௌதாரி கூவும். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதென்று சினந்து காட்டுக் கௌதாரி அதனை நோக்கி ஓடிவரும். சுற்றிலும் விரித்த கண்ணியில் அகப்படும். அங்கே பறவையை வீழ்த்துவது தன் நிலத்தைக் காக்க வேண்டுமென்ற அதன் இயல்பே ஆகும்.

பறவையின் துணையும் இல்லாமல், மனிதன் தன் வாயையே கருவியாக்கிக்கொண்டது இக்கலையின் அடுத்த படி. அப்படியில் நிற்பவர்கள் நரிக்குறவர்கள்.

வாக்ரி மக்களும் நரியும்

நரிக்குறவர் என்ற பெயரைக் கேட்டவுடன் சங்க இலக்கியக் குறவரோடு இவர்களை இணைத்துப் பார்ப்போர் உண்டு. அது பெயரளவான ஒற்றுமையே. இவர்கள் தம்மை ‘வாக்ரி’ என்று அழைத்துக்கொள்கின்றனர். இவர்களின் தாய்மொழியாகிய வாக்ரிபோலி, குசராத்தியோடும் இராசத்தானியோடும் உறவுடைய இந்தோ-ஆரிய மொழி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் சீனிவாச வர்மாவின் ஆய்வாக இம்மொழியின் விளக்க நூலை வெளியிட்டது. தாங்கள் சிவாஜியின் படையில் இருந்தவர்களின் வழிவந்தோர் என்றொரு மரபுக்கதையும் இவர்களிடையே வழங்குகிறது. கதையின் உண்மை எதுவாயினும், வடமேற்கு இந்தியாவிலிருந்து படிப்படியாகத் தெற்கே இடம்பெயர்ந்தவர்கள் என்பதற்கு மொழியே சான்று.

எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல், ‘குருவிக்காரர்’ என்ற தலைப்பில் இம்மக்களைப் பதிவு செய்கிறது. தெலுங்கு மக்கள் இவர்களை நரியின் பெயராலும், தமிழ் மக்கள் குருவியின் பெயராலும் அழைத்ததை அந்நூல் குறிக்கிறது. நரியை வேட்டையாடி, அதன் தோலால் பைகள் செய்து, இறைச்சியை உண்டவர்கள் என்பதும் அதில் காணப்படும் செய்தி. ஒரு மக்கள் கூட்டம் பிறரால் எவ்வாறு அறியப்பட்டது என்பதற்கு இப்பெயர்களே போதும்.

நரி அந்திக்கு ஊளையிடும் விலங்கு. ஒரு குடும்பம் ஊளையிட்டால் அடுத்த எல்லையிலுள்ள குடும்பம் மறுமொழி தரும். ‘நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்ற அறிவிப்பும், ‘இது எங்கள் நிலம்’ என்ற எச்சரிக்கையும், பிரிந்த துணையைத் தேடும் அழைப்பும் அதில் கலந்துள்ளன. வேட்டைக்காரன் இருளில் அமர்ந்து அதே ஊளையை எழுப்பும்போது நரி மறுமொழி தருவதால் தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துவிடுகிறது. அதன்பின் நெருங்கியும் வருகிறது. வலையும் நாயும் அங்கே காத்திருக்கும்.

இந்த இயல்பை நம் கதை மரபு நன்கறிந்திருந்தது. பஞ்சதந்திரத்தில் நீலச் சாயத் தொட்டியில் விழுந்து நிறம் மாறிய நரியொன்று காட்டிற்கு அரசனாகிறது. ஆனால் தொலைவில் பிற நரிகளின் ஊளை கேட்டபோது அதனால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. தானும் ஊளையிட்டு அகப்பட்டுக்கொள்கிறது. அழைப்பொலி வேட்டையின் அடிப்படை முழுவதும் இக்கதையில் அடங்கியுள்ளது எனலாம். அரபு உலகிற்கு அப்துல்லாஹ் இப்னுல் முகஃப்பஃ கி.பி. எட்டாம் நூற்றாண்டில் பெயர்த்தளித்த ‘கலீலா வ திம்னா’ பஞ்சதந்திர மரபிலிருந்து வந்ததே. அந்நூலின் பெயருக்குரிய கலீலாவும் திம்னாவும் இரண்டு நரிகள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இலையும் நாக்கும்

தொண்டை எல்லோருக்கும் வசப்படுவதில்லை. எனவே கருவி தோன்றியது. அதன் அமைப்பை அறிய நம் சிற்றூர்ச் சிறுவர்களின் கையைப் பார்த்தாலே போதும். பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் மெல்ல நசுக்கித் தட்டையாக்கி, அதில் ஊதும் பீப்பியை அறியாத தமிழர் இலர். நசுங்கிய முனையின் இரு விளிம்புகளும் மூச்சுக்காற்றில் ஒன்றையொன்று தொட்டு விலகி அதிர்வதால் ஒலி பிறக்கிறது. காவிரிக் கரையின் நாணற்தட்டையிலிருந்து செய்யப்படும் நாகசுரத்தின் சீவாளியும் இதே விதியால்தான் ஒலிக்கிறது. இரு பெருவிரல்களுக்கிடையே புல்லின் தாளை இழுத்துப் பிடித்து ஊதினால் இன்னும் கூர்மையான, அழுகுரல் போன்ற ஓசை எழும்.

மேலைநாட்டு வேட்டைக்காரர்கள் செய்துகொள்ளும் அழைப்பான்கள் இவ்விரண்டின் மாற்று வடிவங்களே. இரு மரச் சிம்புகளுக்கிடையே இரப்பர்ப் பட்டையை இழுத்துக் கட்டுவது புல்தாளின் வழி. குழாயின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கைப் பொருத்துவது சீவாளியின் உறவு. நாக்கின் அதிரும் பகுதி நீண்டால் ஒலி தாழும், குறுகினால் உயரும். குழாயின் முனையைக் கையால் மூடித் திறந்தால், உயிர் பிரியும் முயலின் விட்டுவிட்டு எழும் ஓலம் உண்டாகிறது. அந்த ஓலத்தைக் கேட்ட நரியும் ஓநாயும் எளிதில் இரை கிடைத்ததென்று விரைந்து வருகின்றன. சில காசுகளில் முடியும் இவ்வேலை அமெரிக்காவில் வணிகமாகவும் வளர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் பர்னம் சகோதரர்கள் 1950களில் இத்தகைய அழைப்பான்களைச் செய்து விற்றுப் பெயர் பெற்றனர். செர்மனியிலோ, காட்டு மானின் பெண் குரலை எழுப்பி ஆணை வரவழைக்கும் கோடைகால வேட்டைக்கு இலையின் பெயராலேயே பெயர் அமைந்தது. பீச் மரத்தின் இலையை உதட்டில் வைத்து ஊதியதே அதற்குக் காரணம்.

இவை அனைத்தையும் தொகுத்து நோக்கின், அழைப்பொலி விலங்கின் மூன்று உணர்வுகளில் ஏதேனும் ஒன்றைத் தொடுவதைக் காணலாம். ஒன்று பசி, முயலின் ஓலம் அதனைத் தூண்டுகிறது. மற்றொன்று தன் நிலத்தின்மீதுள்ள உரிமை. கௌதாரியின் கூவலும் நரியின் ஊளையும் அதனைத் தூண்டுகின்றன. மூன்றாவது உறவு; துணையின் குரலும் குட்டியின் கதறலும் அதனைத் தூண்டுகின்றன. இந்த மூன்றாவதில்தான் அறம் பற்றிய வினா மிகக் கூர்மையாக எழுகிறது.

இசுலாமிய மரபில் வேட்டையும் இரக்கமும்

அரபுலக அறிஞர்கள் விலங்கியலையும் வேட்டைக் கலையையும் பெரிதும் போற்றி எழுதினர். பஸராவின் அல்-ஜாஹிழ் (இறப்பு ஹிஜ்ரி 255, கி.பி. 869) ‘கிதாபுல் ஹயவான்’ எனும் பெருநூலை இயற்றினார். பத்தாம் நூற்றாண்டுக் கவிஞர் குஷாஜிம் வேட்டைக் கருவிகளையும் முறைகளையும் பற்றித் தனிநூல் செய்தார். சிலுவைப் போர்க் காலத்தில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் (கி.பி. 1095–1188) தம் நினைவுநூலின் ஒரு பகுதியைத் தம் தந்தையாரின் வேட்டைகளுக்கே ஒதுக்கினார். எகிப்தின் அத்-தமீரி (ஹிஜ்ரி 742–808, கி.பி. 1341–1405) உயிரினங்களை அகர வரிசையில் விளக்கியதோடு, அவற்றின் இறைச்சி பற்றிய மார்க்கச் சட்டத்தையும் உடன் எழுதினார்.

இந்நூல்களின் பின்னணியில் தெளிவான ஒரு வரையறை நிற்கிறது. உணவிற்கான வேட்டையைத் திருக்குர்ஆன் அனுமதிக்கிறது. பயிற்றப்பட்ட வேட்டை விலங்குகளைப் பயன்படுத்துவதையும் அல்மாயிதா அத்தியாயம் ஏற்கிறது. அதே அத்தியாயம் இஹ்ராம் நிலையிலுள்ளோர் தரை வேட்டையில் ஈடுபடுவதைத் தடுத்துப் பரிகாரமும் விதிக்கிறது. கோரைப்பல் கொண்டு வேட்டையாடும் விலங்குகளை உண்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உயிருள்ள எதனையும் வெறும் குறிப்பொருளாக வைத்து எய்வதையும் கண்டித்தார்கள். குஞ்சுகளை எடுத்துக்கொண்ட தோழர்களின் தலைக்குமேல் தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு அவர்கள் பணித்த நிகழ்ச்சி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. தாயின் தவிப்பைக் கண்டு குஞ்சைத் திருப்பித் தருவது ஒரு வழி. குஞ்சின் குரலைப் போலச் செய்து தாயை வரவழைத்துக் கொல்வது அதற்கு நேர் எதிரான வழி. இரண்டும் ஒரே அறிவிலிருந்து பிறக்கின்றன. தாய் தன் குஞ்சின் குரலுக்கு வருவாள் என்பதே அவ்வறிவு.

இவ்வேறுபாட்டை உணர்ந்த ஒருவரை நம் நாட்டு வரலாற்றிலேயே காண்கிறோம். பேரரசர் அக்பரின் வேட்டை முறைகளை அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் விரித்துரைக்கிறார். அவற்றுள் ஒன்று, கூடையிலோ கேடயத்திலோ விளக்கை மறைத்துப் பிடித்துச் சிறுமணிகளை ஒலிப்பது. ஒளியையும் ஓசையையும் நாடிவரும் விலங்குகள் அம்புக்கு இரையாகும். பாடலால் விலங்கை மயக்கி அருகில் வரச்செய்து கொல்லும் வேறொரு முறையையும் அவர் சொல்கிறார். இவ்விரு முறைகளையும் பேரரசர் நெடுங்காலமாக விரும்பவில்லை என்று அவர் சேர்த்தெழுதுவதே நாம் கருதத்தக்கது. சிறுத்தைகளை ஆயிரக்கணக்கில் பேணியவர் என்று பேசப்படும் அக்பர் வேட்டையை வெறுத்தவர் அல்லர். ஓடும் மானைத் துரத்திக் கொல்வதை ஏற்றவர், பாட்டைக் கேட்டு நம்பி வந்த மானைக் கொல்வதை ஏற்கவில்லை. முன்னதில் விலங்கிற்குத் தன் கால்கள் உதவும். பின்னதில் அதன் நம்பிக்கையே அதற்குப் பகையாகிறது.

கனவானின் வேட்டையும் ஏழையின் வேட்டையும்

அறம் பற்றிய இவ்வினாவோடு நீதி பற்றிய மற்றொரு வினாவும் பிணைந்துள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் உதகமண்டலத்து வேட்டைக் கழகத்தார், இங்கிலாந்திலிருந்து வந்த வேட்டைநாய்க் கூட்டத்தோடு குதிரையேறிப் புல்வெளிகளில் நரியைத் துரத்தினர். இங்கிலாந்தின் நரியினம் இங்கில்லாமையால் நம் நாட்டு நரி அதற்கு ஈடாயிற்று. அது கனவான்களின் விளையாட்டெனப் பாராட்டப்பட்டது. ஜிம் கார்பெட் 1938ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், குமாவுன் மலையில் தாக் எனும் ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியை ஆண்புலியின் குரலில் அழைத்து வரவழைத்துச் சுட்டார். அவர் கையாண்டதும் தம் தொண்டையையே. ஊர்மக்களைக் காத்த அச்செயலைப் பற்றிய அவரது எழுத்து உலகப் புகழ் பெற்றது.

அதே கலையை அன்றாட உணவிற்காகக் கையாண்ட வாக்ரி மக்களைப் பற்றி எவரும் அவ்வாறு எழுதவில்லை. நாடோடிகளை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. 1871இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்த பின்னரும், ஊர் ஊராகச் செல்வோர் மீதான ஐயம் எளிதில் மறையவில்லை. நரிக்கொம்பு என்ற தாயத்தை இவர்களிடம் வாங்கியோரும், வாங்கிய பின் இவர்களை இழிவாகப் பேசியோரும் ஒரே மக்களே. நரிக்குக் கொம்பு முளைக்கும் என்ற மூடநம்பிக்கை வாங்குவோரிடம் இல்லாதிருப்பின் அவ்விற்பனையே நடந்திராது.

சட்டமும் அதன் பின்னும்

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்கு விரிவான பொருள் தந்தது. கொல்வது மட்டுமன்றிப் பிடித்தல், கண்ணி வைத்தல், துரத்துதல், இரைகாட்டி ஈர்த்தல், இவற்றுக்கான முயற்சி ஆகியனவும் அதில் அடங்கும். 2022ஆம் ஆண்டின் திருத்தம் நரியை மிகுந்த பாதுகாப்புடைய முதல் அட்டவணையில் சேர்த்தது. எனவே நரியை அழைத்துப் பிடிக்கும் தொழிலுக்கு இன்று இடமில்லை, இருக்கவும் கூடாது. வயல்வெளியில் எலியையும் செத்த உயிர்களையும் தின்று தூய்மை செய்யும் விலங்கு அது.

ஆயினும் வேட்டை ஒழிந்ததா? 2021 சனவரியில் திருச்சி மாவட்டம் ஜீயபுரம் பகுதியில், இறைச்சிக்குள் நாட்டுவெடியை வைத்து நரியொன்று கொல்லப்பட்டது, பன்னிருவர் கைதாயினர். பழைய வேட்டைக்காரன் நரியின் மொழியை அறிய வேண்டியிருந்தது. எந்த வேளையில் ஊளையிட வேண்டும், எப்போது வாய் மூட வேண்டும், காற்று எத்திசையில் வீசுகிறது என்பனவற்றை அவன் ஆண்டுகள் பல செலவிட்டுக் கற்றான். வெடிக்கு எந்த அறிவும் வேண்டியதில்லை. நரி கடித்ததா, நாய் கடித்ததா, மாடு கடித்ததா என்பதும் அதற்குத் தெரியாது. கலை மறைந்து கொலை மட்டும் எஞ்சுமாயின் அதனை முன்னேற்றம் என்று எவ்வாறு கூறுவது?

இக்கலைக்கு வேறொரு வழி உண்டென்பதை அறிவியல் காட்டியுள்ளது. ஐரோப்பாவில் நரிகளைக் கணக்கிடும் ஆய்வாளர்கள், பதிவு செய்த ஊளையை இரவில் ஒலிபரப்பி, மறுமொழி தரும் குடும்பங்களை எண்ணுகின்றனர். கிரேக்க நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நரிகளின் பரவல் இவ்வாறே அளவிடப்பட்டது. கனடாவின் அல்கான்குயின் பூங்காவில் 1963 முதல் பொதுமக்களைத் திரட்டி அழைத்துச் சென்று, பணியாளர்கள் ஓநாயைப் போல் ஊளையிட்டு, ஓநாய்களின் மறுமொழியைக் கேட்கச் செய்தனர். அழைப்பும் மறுமொழியும் அங்கும் உண்டு. அம்பும் வலையும் மட்டும் இல்லை. அக்பர் வெறுத்தது பாடலை அன்று, பாடலுக்குப் பின் வரும் அம்பையே என்று கொண்டால், இம்முறையில் அவர் குறைகாண ஏதும் இருந்திராது.

நரிக்குறவர்களையும் குருவிக்காரர்களையும் தமிழகத்தின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2022 டிசம்பரில் நிறைவேற்றின. நெடுநாள் கோரிக்கை அவ்வாறு நிறைவேறியது. கல்வியும் வேலையும் அவர்களின் இளந்தலைமுறைக்கு உரிமையாக வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க இயலாது. அதனோடு, அம்மக்களின் முதியோரிடம் எஞ்சியுள்ள ஒலியறிவைப் பதிவு செய்வதும் கடமையாகும். எந்தப் பறவை எந்த வேளையில் எவ்வாறு கூவும், நரி தன் குட்டியை எக்குரலில் அழைக்கும், ஆபத்தை எக்குரலில் அறிவிக்கும் என்பவற்றைப் பல்கலைக்கழகங்களும் வனத்துறையும் அவர்களை ஆசிரியர்களாக அமர்த்திக் கேட்டறிய வேண்டும். வாக்ரிபோலிக்கு எழுத்து மரபு இல்லை. ஒரு முதியவர் மறையும்போது அவரோடு மறைவது எந்த நூலகத்திலும் கிடைக்காது.

ஓர் உயிரின் குரலை அறிவது அதன் பசியையும் அச்சத்தையும் பாசத்தையும் அறிவதாகும். அவ்வறிவைப் பெற்றவன் வேட்டைக்காரனாகவும் ஆகலாம், காவலனாகவும் ஆகலாம். பசி வாட்டிய காலத்தில் வாக்ரி மக்கள் அதனை உணவிற்காகப் பயன்படுத்தினர். அதற்காக அவர்களைப் பழிப்பது நம் வேலையன்று. இன்று அப்பசியைத் தீர்க்கும் பொறுப்பும், அவ்வறிவைக் காவலுக்குத் திருப்பும் பொறுப்பும் நம் அனைவருக்கும் உரியன.